சக்கு இல்லாத லேத்து

எங்கள் வீட்டுக்கு லேத்து மாட்டுவண்டியில் வந்து இறங்கிய அன்று தெருவே கூடி நின்று பார்த்தது. திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு அதற்கு முன்பு வந்த பெரிய இயந்திரம் ஒரு தையல் மிஷின்தான். புதுச்சேரியில் மூடிக் கிடந்த ஒரு பட்டறையின் சாமான்களை ஏலம் விட்டபோது நான் எடுத்த கடைசல் இயந்திரம் இந்த லேத்து. எட்டுப் பேர் கயிறு கட்டி இறக்கி, வீட்டுக்குப் பின்னாலிருந்த ஓட்டுக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தோம். வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, என் மனைவி மட்டும் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, "கடையற சாமானை இதுல எங்கங்க புடிச்சி வெப்பீங்க?" என்று கேட்டாள்.

நான் எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும். அதிலும் எதிராளி கேட்டது சரியான கேள்வியாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். லேத்துக்குச் சக்கு இல்லை. சக்கு என்பது லேத்தின் வாய். மூன்றோ நாலோ தாடைகளால் இரும்புத் துண்டைக் கவ்விக்கொண்டு அதுதான் சுற்றும். சுற்றுகிற துண்டை உளி செதுக்கும். ஏலத்தில் யாரோ அந்தச் சக்கை மட்டும் தனியாகக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எனக்கு மிஞ்சியது நீள நீளமான துளைகள் வெட்டிய ஒரு வட்டத் தட்டு. முகத்தட்டு என்போம். அதில் எதையும் போல்ட் போட்டு முடுக்கலாம். ஆனால் அது தானாக எதையும் பிடிக்காது. புதுச் சக்கு வாங்குகிற வசதி எனக்கு அப்போது இல்லை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்கிற கதையாகிவிட்டது.

அப்போது நான் விழுப்புரத்தில் ரயில் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர். காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். ஷெட்டில் எந்தத் துண்டை எடுத்தாலும் அதைப் பிடிப்பதற்கென்று ஒரு ஏற்பாடு தயாராக இருக்கும். பத்து வருஷம் அவற்றைத் தொட்டுத் தொட்டு வேலை செய்தும், அவற்றை ஒருவன் யோசித்துச் செய்திருப்பான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சக்கு இல்லாத லேத்துக்கு முன்னால் குந்திய பிறகுதான், கடைவது சின்ன வேலை, பிடிப்பதுதான் பெரிய வேலை என்று தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் கடையக்கூடிய சாமானைப் பிடிப்பதற்கு வழி செய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

முதலில் கைகொடுத்தது புளியங்கட்டை. ஒரு தடித்த வட்டத்தை முகத்தட்டில் முடுக்கி, அது சுற்றும்போதே அதன் நடுவில் ஒரு பள்ளம் கடைந்தேன். பள்ளத்தின் அளவு, பிடிக்க வேண்டிய பித்தளை மூடியின் அளவைவிட ஒரு மயிரிழை குறைவு. மூடியைக் கையால் அழுத்தினேன். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தாடையில்லை, திருகில்லை. லேத்தை ஓட்டினால் மூடி ஆடாமல் அசையாமல் சுற்றுகிறது. உளி வைத்தேன், சுருள் சுருளாகப் பித்தளை வந்தது. கழற்றிப் பார்த்தால் மூடியில் ஒரு கீறல் கிடையாது. நான் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். அடுப்புக்குப் போக வேண்டிய விறகு உலோகத்தை நோகாமல் பிடிக்கிறதென்றால், இதுவரை நான் எரித்த விறகில் என்னென்ன இருந்ததோ என்று இருந்தது.

பிறகு எதைப் பார்த்தாலும் எனக்குப் பிடியாகத்தான் தெரிந்தது. உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டைகளை விக்கிரவாண்டி ரோட்டோரத்தில் பொறுக்கி வந்து, வெட்டி, அழுத்திப் பிடிக்கும் பட்டைகள் செய்தேன். வீசைக் கணக்கு போய் கிலோ வந்த சமயம் அது. கடைக்காரர்களின் பழைய எடைக்கற்கள் செல்லாக் காசாகிக் கிடந்தன. அவற்றில் ஒரே எடையுள்ளவற்றை ஜோடி ஜோடியாக வாங்கி வந்தேன். ஒரே எடைக் கல் இரண்டும் ஒரே உயரம்; சாமானுக்கு அடியில் முட்டுக் கொடுக்க அதைவிடச் சமமான பொருள் ஊரில் கிடையாது. முகத்தட்டில் ஒரு பக்கம் கனமான துண்டை முடுக்கினால், எதிர்ப்பக்கம் ஒரு வீசைக் கல்லை முடுக்கினேன். இல்லாவிட்டால் லேத்து குதிக்கும். கல்லைக் கட்டியதும் குதிப்பது நின்று, சத்தமே வேறாகிவிடும். என் மனைவி சமையலறையிலிருந்தபடியே, "இப்ப சரியா கீது, ஓட்டுங்க" என்பாள். அவள் காது என் கண்ணைவிடக் கூர்மை.

எல்லாவற்றுக்கும் ராஜா எல்-கட்டை. கரும்பாலைச் சட்டம் ஒன்று உடைந்து, மூலை மட்டும் முழுசாகப் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. நல்ல தடிப்பான வார்ப்பிரும்பு, எல் எழுத்தைப் போல மடங்கியது. ஒரு முகத்தை முகத்தட்டில் முடுக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் மறு முகத்தின்மேல் சாமானை உட்காரவைத்தால், அடிப்பாகத்துக்கு இணையாக எந்தத் துளையையும் குடையலாம். ஆனால் இரண்டு முகமும் கண்ணாடிபோலச் சமமாக இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று நேர்மூலையாக நிற்க வேண்டும். என்னிடமிருந்ததோ ஒரு அரம், ஒரு சுரண்டி, ஒரு மூலைமட்டம்.

சமம் பார்ப்பதற்கு ஷெட்டில் ஒரு நீலக் குழம்பு தடவுவோம். வீட்டில் அதற்கு எங்கே போவது? என் மனைவியின் கண்மைச் சிமிழை எடுத்தேன். விளக்கெண்ணெயில் குழைத்த புகைக்கரிதானே அது. "என் கண்ணுக்கே பத்தல, இரும்புக்குக் கேக்குதா?" என்று சிரித்தாள், மறுநாளே ஒரு கொட்டாங்கச்சி நிறைய மை கூட்டிக் கொடுத்தாள். மையை முகத்தட்டில் மெல்லத் தடவி, எல்-கட்டையை அதன்மேல் வைத்துத் தேய்த்து எடுத்தேன். கையால் தடவினால் வழவழவென்றிருந்த முகத்தில் மூன்றே மூன்று இடத்தில் கறுப்பு ஒட்டியிருந்தது. அந்த மூன்று மேட்டின்மேல்தான் முழு இரும்பும் நின்றுகொண்டிருந்திருக்கிறது! கறுப்பைச் சுரண்டிவிட்டுத் திரும்பத் தேய்த்தால் ஏழு இடம். பிறகு இருபது. மூன்று மாதம், கிடைத்த நேரத்திலெல்லாம் சுரண்டினேன். கடைசியில் அம்மை போட்டதுபோல முகம் முழுக்கப் புள்ளிகள் நிறைந்தன. கண்ணும் கையும் சொல்லாத மேட்டை ஒரு சிமிழ் மை சொல்லிவிட்டது. எண்ணெய் பூசி முகத்தட்டில் அதை ஒற்றிவைத்தால் எடுக்க வராது, உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும்.

அந்த வருஷம் ஆயுத பூஜையை நான் அமர்க்களமாகச் செய்தேன். லேத்துக்கு மாலை, மோட்டாருக்கு மாலை. பிடிகள் எல்லாவற்றையும் சுவரோரம் வரிசையாக நிற்கவைத்து, பட்டை முதல் எடைக்கல் வரை ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைக்கச் சொன்னேன். என் மனைவி மோதிர விரலால் சின்னச் சின்னதாக வைத்துக்கொண்டே வந்தாள். எங்கள் வீட்டு வழக்கம், ஆயுதத்துக்கு வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது. வேலை செய்யச் செய்யத் தானாக உதிர வேண்டும். என் அப்பா காலத்து உளிகளுக்கும் அப்படித்தான். துடைத்தால் அவமரியாதை என்று நானும் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

மறுநாள், விஜயதசமி காலையில், ஓமந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை, கூடையில் கோணியால் சுற்றிய இரும்பு. பஸ் நிலையத்திலிருந்து அதைச் சுமந்துகொண்டே நடந்து வந்திருக்கிறாள். இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"மேஸ்திரி ஊடு இதாங்களா? கெணத்து பம்புதுண்ணா. அச்சு ஆடுது. தண்ணி ஏற மாட்டேங்குது."

பிரித்துப் பார்த்தேன். பம்பின் அச்சைத் தாங்குகிற வார்ப்பிரும்புத் தாங்கி. அச்சு சுற்றுகிற துளை தேய்ந்து கோழிமுட்டை வடிவமாகிவிட்டிருந்தது. சீமையிலிருந்து வந்த பழைய பம்பு. மாற்றுச் சாமான் கிடையாது. விழுப்புரத்தில் பட்டறைகளையெல்லாம் பூஜைக்கு மூடிவிட்டார்கள், திறந்து கையில் எடுக்கப் பத்து நாள் ஆகும் என்றார்களாம். புருஷனால் அலைய முடியவில்லை. எஞ்சினைச் சுற்றிவிடும்போது கைப்பிடி எதிர்த்து அடித்து முன்கை முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு கிடக்கிறான்.

"ஆவணியில மல்லாட்டை போட்டம். ரெண்டு காணி. இப்ப பூவெடுத்து ஊசி எறங்கற நேரம். மழை ஏமாத்திக்கினே கீது" என்றாள். "ஒரு வாரத்துக்குள்ள தண்ணி போவலன்னா மண்ணு இறுகிப் பூடும்ணா. ஊசி உள்ள எறங்காது. எறங்காத ஊசிக்கு ஏது காயி?"

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. செடி பூப்பது மேலே, காய்ப்பது கீழே. பூ உதிர்ந்த இடத்திலிருந்து ஒரு மெல்லிய தண்டு ஊசிபோல நீண்டு, குனிந்து, மண்ணைக் குத்திக்கொண்டு உள்ளே போய்த்தான் காயாகும். எனக்கு அது அன்றுவரை தெரியாது. தினமும் வறுத்துத் தின்றவன்தான். ஆனால் அது மண்ணுக்குள் எப்படிப் போனது என்று கேட்டதில்லை. அவள் விரலை வளைத்து வளைத்துக் காட்டிச் சொன்னாள். ஆகட்டும், இரண்டு நாளில் தருகிறேன் என்றேன். என்னிடம் எல்-கட்டை இருக்கிற தைரியம்.

ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தாங்கியின் அடிப்பாகத்தை எல்-கட்டைமேல் வைத்து, லாரிப் பட்டைகளால் முடுக்கி, எதிரே வீசைக் கல்லைக் கட்டி, கோணல் துளையை வட்டமாகக் குடைந்தேன். அதற்குள் ஒரு வெண்கலப் புஷ் கடைந்து இறக்கினேன். புஷ் என்பது அச்சைச் சுற்றி உட்காரும் குழாய். தேய்வதை அது வாங்கிக்கொள்ளும். அச்சைச் செருகிச் சுற்றினால் வெண்ணெயில் சுற்றுவதுபோலச் சுற்றியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு போனேன்.

கிணற்று மேட்டில் பம்போடு தாங்கியைச் சேர்த்து நான்கு போல்ட்டையும் முடுக்கினேன். அச்சு சுற்றவில்லை. போல்ட்டைத் தளர்த்தினால் சுற்றுகிறது, முடுக்கினால் பிடித்துக்கொள்கிறது. மறுபடி தளர்த்தினேன், மறுபடி முடுக்கினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன், கையைத் தூளியில் தொங்கவிட்டபடி, வரப்பில் குந்தியிருந்தான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பம்பைக் குற்றம் சொன்னேன். "பம்பு ஒடம்பே கோணிக்கிச்சு. பெல்ட்டை யாரு இப்டி இழுத்துக் கட்டினது?" என்று அதட்டினேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாங்க. நழுவுதுன்னு இழுத்துக் கட்டினேன்" என்றான்.

தாங்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லைகள். மஞ்சள் பூ. மண் வெளுத்துப்போய்க் கிடந்தது.

வீட்டுக்கு வந்து தாங்கியைத் திரும்ப எல்-கட்டைமேல் வைக்கப் போனபோதுதான் கண்டேன். எல்-கட்டையின் முகத்தில், ஒரு ஓரத்தில், காய்ந்து தட்டையாகி இறுகிப்போன ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம் கறுத்திருந்தது. பூஜையன்று சுவரில் சாய்த்து வைத்தபோது சாமான் உட்காரும் முகம் வெளிப்பக்கம் பார்த்து நின்றிருக்கிறது. பொட்டு அங்கே விழுந்திருக்கிறது. அதன்மேல் தாங்கியை வைத்து முடுக்கியிருக்கிறேன். துளை லேத்துக்கு நேராகத்தான் போயிருந்தது. தாங்கிதான் கோணலாக உட்கார்ந்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. "இங்க வா! மூணு மாசம் சொரண்டின மொகத்துல பொட்டு வெப்பியா? அறிவு கீதா உனக்கு?" என்று கொட்டகை அதிரக் கத்தினேன்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து பொட்டைப் பார்த்தாள். தன் மோதிர விரலை அதன் பக்கத்தில் வைத்தாள். பொட்டு அவள் விரல்நுனியைப் போல இரண்டு பங்கு இருந்தது. அப்புறம் என் வலது கையை எடுத்து, கட்டை விரலைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

ஞாபகம் வந்தது. அவள் பொட்டு வைத்து முடித்துவிட்டுப் போன பிறகு நான் ஒரு தடவை நடந்து பார்த்தேன். எல்-கட்டையில் பொட்டு எங்கோ பின்பக்கம் இருந்திருக்கிறது. என் கண்ணில் படவில்லை. ராஜாவுக்கே இல்லையா என்று கிண்ணத்தில் கட்டை விரலை முக்கி நானே அழுத்தி வைத்தேன். பக்தி முற்றிப்போய் வைத்த பொட்டு.

அவள் உள்ளே போய்விட்டாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். நான் தாங்கியைப் பொட்டின்மேல் முன்போலவே முடுக்கிவிட்டு, ஒரு சைக்கிள் ஸ்போக்கை எடுத்து, ஒரு முனைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து ஏற்றம்போல ஆடவிட்டு, குட்டை முனை தாங்கியைத் தொட, நீள முனை ஒரு அட்டையின்மேல் நகர்கிறபடி செய்தேன். பொட்டு இருக்கும் ஓரத்துக்கு வந்ததும் ஸ்போக் முனை மூன்று விரற்கடை ஏறியது. பொட்டைச் சுரண்டிவிட்டுப் பார்த்தேன். முனை அசையவே இல்லை. சுரண்டிய சந்தனத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஊதினால் பறந்துவிடும். இத்தனூண்டு தூள் ஒரு பம்பை நிறுத்திவிட்டது என்பதை என்னால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

பம்பு கோணவில்லை. அந்த மனிதன் பெல்ட்டை இழுத்துக் கட்டியதில் ஒரு தப்பும் இல்லை.

இனி ஒரே வழிதான். கோணல் துளை முழுக்க மறையும் வரை இன்னும் பெரிதாகக் குடைந்து, தடித்த புஷ் போட வேண்டும். அப்படிக் குடைந்தால் தாங்கியின் சுவர் ஒரு பக்கம் இரண்டு காலணாவை அடுக்கிய கனத்துக்கு வந்துவிடும். வார்ப்பிரும்பு வளையாது, பிளக்கும். இன்னொரு தடவை தப்பினால் தாங்கியும் போச்சு, பம்பும் போச்சு. வெண்கலத்துக்காக விழுப்புரம் பழைய இரும்புக் கடைகளில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். அதற்கு மறுநாள் காலையில் அந்தப் பெண் வந்து வாசலில் நின்றாள்.

"இன்னாண்ணா ஆச்சு?"

ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. வார்ப்பில் ஓட்டை இருந்தது என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள். கொட்டகைக்குள் கூட்டிப் போய் எல்-கட்டையைக் காட்டி, பொட்டு இருந்த இடத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க ஊட்டுக்காரரு மேல தப்பு இல்லம்மா. நான் வெச்ச பொட்டு. அவரை நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது."

அவள் அந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு நாளா சோறு துன்னலண்ணா அவரு. எல்லாம் தன்னாலதான் கெட்டுச்சுன்னு" என்றாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மிச்சத்தையும் சொன்னேன். இன்னொரு தடவை குடையலாம், தப்பினால் உடைந்துவிடும். வேண்டாம் என்றால் மதராசுக்கு எடுத்துப்போய்ப் புதிதாக வார்த்துக்கொள்ளலாம். அதற்குள் பூக்காலம் முடிந்துவிடும். சொல்ல வேண்டியது நீ என்றேன்.

அவள் முந்தானையை உருவி, எல்-கட்டையின் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வாயால் ஊதினாள். மறுபடி துடைத்தாள். தாங்கியின் அடிப்பாகத்தைத் திருப்பி அதையும் துடைத்தாள். குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல, மூலை முடுக்கெல்லாம். பிறகு இரண்டு கையாலும் தாங்கியைத் தூக்கி அதன்மேல் தானே வைத்தாள்.

"முடுக்குங்க" என்றாள்.

முடுக்கினேன். ஸ்போக்கை வைத்துப் பார்த்தேன். முனை ஓரத்துக்கு ஓரம் அசையவில்லை. உளியை மயிரிழை மயிரிழையாக முன்னால் தள்ளிக் குடைந்தேன். சுவர் மெலிய மெலிய லேத்தின் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. என் மனைவி கதவோரம் வந்து நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புஷ்ஷைச் சுத்தியால் அடித்து இறக்க இப்போது தைரியமில்லை. அவ்வளவு மெல்லிய சுவர். ஒரு யோசனை வந்தது. சோற்றுப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தாங்கியை அதில் போட்டேன். புஷ்ஷை ஈர மண்பானைக்குள் போட்டுக் குளிரவிட்டேன். வெயிலில் தண்டவாளம் நீளுவதைத் தினமும் பார்க்கிறவன் நான். ஆனாலும், துணியால் தாங்கியைத் தூக்கி வைத்து, புஷ்ஷை அதன் வாயில் கொண்டுபோனபோது, கொதித்த துளை அகன்று அதைத் தானாக உள்ளே வாங்கிக்கொண்டதைப் பார்த்து மூன்று பேருமே 'ஆ' என்றோம். சூடு ஆறியதும் இரும்பும் வெண்கலமும் ஒன்றாகிவிட்டன. இழுத்தால் வரவில்லை. சுவரில் விரிசல் இல்லை. அதை அப்படியே எல்-கட்டைமேல் திரும்ப வைத்து, மறுபடி அவளே துடைத்துத் தர, புஷ்ஷின் உட்பக்கத்தை அச்சின் அளவுக்குக் கடைந்து முடித்தேன்.

அன்று மத்தியானமே மூன்று பேராகக் கிளம்பிப் போனோம். நான்கு போல்ட்டையும் முடுக்கிவிட்டு அச்சைத் தொட்டேன். ஒற்றை விரலால் சுற்றியது. அவள் புருஷன் எழுந்து வந்து, நல்ல கையின் சுண்டு விரலால் தானும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, உடுங்க மேஸ்திரி" என்று கூச்சப்பட்டான்.

எஞ்சினைச் சுற்ற நான் போனேன். அவள் விடவில்லை. புருஷன் கையை முறித்த அதே கைப்பிடியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினாள். எஞ்சின் பிடித்தது. பெல்ட் ஓடியது. குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. வாய்க்காலில் அது தலையை நீட்டி, வெடிப்பில் விழுந்து மறைந்து, நிரப்பிக்கொண்டு மறுபடி எழுந்து ஓடியது. எஞ்சினையும் பம்பையும் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் தண்ணீர் மேலே ஏறுவதை முதல் முதலாகப் பார்த்ததுபோல நின்றேன். என் மனைவி முழங்கால் வரை புடவையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டாள்.

கிணற்றில் ஊறுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இறைக்க முடியும். முதலில் பள்ளத்துக் காணிக்குப் பாய்ந்தது; மேட்டுக் காணிக்குப் போய்ச்சேர இன்னும் நாலு நாள் ஆகும் என்றார்கள். எனக்கு அந்த நேரத்தில் அது காதில் ஏறவில்லை. தண்ணீர் வந்துவிட்டது, என் மானம் தப்பியது, அவ்வளவுதான்.

கார்த்திகைக் கடைசியில் அவள் மறுபடி வந்தாள். தலையில் அதே கூடை. அவித்துத் தின்ன ஒரு படிக்குமேல் பச்சை மல்லாட்டை. "பள்ளத்துக் காணி நல்லா கொடுத்துச்சுக்கா" என்று என் மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னாள். புருஷனின் கை கூடிவிட்டதாம். எஞ்சினை மட்டும் இன்னும் அவள்தான் சுற்றுகிறாளாம். பிறகு கூடையின் அடியிலிருந்து, வேரோடு பிடுங்கிய இரண்டு செடிகளை எடுத்து, கொட்டகைக்குள் வந்து, லேத்தின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது பள்ளத்துதுண்ணா. இது மேட்டுது."

பள்ளத்துச் செடியின் அடியில் கொத்துக் கொத்தாகக் காய். மேட்டுச் செடியில் பொக்குக் காய் நாலைந்து; மற்றபடி தண்டிலிருந்து கறுத்துக் காய்ந்த ஊசிகள் அந்தரத்தில் தொங்கின. மண் இறுகியிருந்த நாட்களில் இறங்கி வந்தவை. ஐப்பசி மழை வரும்போது அவற்றுக்கு உயிர் இல்லை.

"இத ஏம்மா எடுத்தாந்தே?" என்றேன்.

"நீங்க அளவெல்லாம் பாக்கறவரு இல்லையா. பாக்கட்டும்னு எடுத்தாந்தேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, கூடையைக் கவிழ்த்துத் தட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனாள்.

நான் மேட்டுச் செடியைக் கையில் எடுத்தேன். என் பொட்டால் போன நாள் இரண்டு. ஊசிகளை ஒவ்வொன்றாக விரலால் விலக்கி எண்ணினேன். பதினேழு. ஒன்றின் முனையிலும் மண் ஒட்டியிருக்கவில்லை.